கம்பெனி பெயின்ட்டா, அடிச்ச பெயின்ட்டா?

வடசென்னையில் கொருக்குப்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு பெயின்ட் ஷெட்டில் வண்டியை நிறுத்தி, "வாட்டர் பேப்பர் போட்டு, பஃபிங் பண்ணி, சும்மா பளபளன்னு ஆக்கிக் குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்தான் வாட்டர் பேப்பர், தேய்த்த இடத்தை மெஷினால் மினுக்குவது பஃபிங். கை பழகிய பெயின்டராக இருந்தால் உடனே விலை சொல்ல மாட்டார். பானெட்டின் மேல் கண்ணைத் தாழ்த்தி ஒரு பக்கமாகப் பார்ப்பார். கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை விரலால் விலக்கிப் பார்ப்பார். அப்புறம் கேட்பார்: "கம்பெனி பெயின்ட்டா, அடிச்ச பெயின்ட்டா?" வண்டி செய்த ஆலையிலேயே ஏற்றினதா, பிறகு ஷெட்டில் அடித்ததா என்று அர்த்தம்.

இதைக் கேட்காமலே பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கப் போகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. வீடியோ பார்த்துவிட்டு, வாங்கி வருஷம் திரும்பாத வண்டிக்கு உப்புத்தாள் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். வீடியோவில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பாலாக மங்கிப்போன பானெட் மேல் மெஷின் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, எடுக்கும்போது வானம் அதில் தெரிகிறது. அந்த பானெட்டில் எத்தனை மைக்ரான் பெயின்ட் இருந்தது, எத்தனை மிச்சம் என்று வீடியோ சொல்வதில்லை.

கம்பெனியில் ஏற்றுகிற பெயின்ட் பெரும்பாலும் நான்கு அடுக்கு. முதலில் மொத்த பாடியையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஏற்றுகிற துருத் தடுப்புப் பூச்சு, சுமார் 20 மைக்ரான். அதற்கு மேல் பிரைமர், 30 அல்லது 40. அப்புறம் நிறம், அதாவது பேஸ் கோட், 15 முதல் 20 வரை. கடைசியில் நிறமே இல்லாத கிளியர் கோட், 35 முதல் 50 மைக்ரான். எல்லாம் சேர்த்தாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் முடிந்துவிடும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் வாக்கில் இருக்கும். நாம் தேய்க்கப்போகிற கிளியர் அதில் ஏறக்குறைய பாதி.

அந்தப் பாதித் தலைமுடிக்குள்தான் வெயிலைத் தாங்குகிற மருந்தும் கலந்திருக்கிறது. கீழே இருக்கிற நிறத்தைப் புற ஊதாக் கதிர் தொடாமல் பார்த்துக்கொள்வது கிளியரின் வேலை. கம்பெனி பெயின்ட்டில் இருக்கிற சொரசொரப்பை முழுக்க மட்டம் பண்ண வாட்டர் பேப்பர் போட்டு, அந்தக் கோடுகளைக் கம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையில் எடுத்து முடிப்பதற்குள் ஐந்திலிருந்து பத்து மைக்ரான் போய்விடும். கை அழுத்தமான ஆளென்றால் இன்னும் அதிகம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, வண்டி ஜொலிக்கும். சென்னை வெயில் சில வருஷம் அடித்த பிறகுதான் கூரையிலும் பானெட்டிலும் திட்டுத் திட்டாக வெளுக்கும், பிறகு சருகாக உரியும். பழைய கால் டாக்சிகளின் கூரையைக் கவனித்தவர்களுக்கு அந்த நோய் தெரியும். உரிகிற நேரத்தில் பஃபிங் பண்ணினவரைப் போய்க் கேட்க முடியாது. அவருக்கே நினைவிருக்காது.

அடிச்ச பெயின்ட் விஷயம் வேறு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிற எந்தக் காருக்கும் ஒரு நாள் கதவு போகும். என் கருநீல வண்டிக்கும் போனது. இடது பக்கம் இரண்டு கதவும் டிங்கர் வேலைக்குப் போய், பட்டி பார்த்து, பிரைமர் ஏற்றி, ஷெட்டில் பெயின்ட் அடித்து வந்தன. அங்கேதான் வாட்டர் பேப்பருக்கு நியாயமான வேலை இருக்கிறது.

கம்பெனியில் பெயின்ட் அடிக்கிற அறை தூசியில்லாதது. அடிப்பது ரோபோ. அடித்த பாடியை 140 டிகிரி வாக்கில் அடுப்பில் சுடுவார்கள். ஷெட்டில் அதெல்லாம் நடக்காது. வயரும் சீட்டும் பிளாஸ்டிக்கும் மாட்டியிருக்கிற வண்டியை அந்தச் சூட்டில் வைத்தால் உருகிவிடும். அதனால்தான் இங்கே ஹார்டனர் கலக்கிற டூ-கே கிளியர். அதுவே காய்ந்து இறுகும். நல்ல பூத், அதாவது மூடின பெயின்ட் அறை, இருந்தால் 60 டிகிரியில் சூடேற்றுவார்கள், இல்லாவிட்டால் தகரக் கூரையின் சூடுதான்.

இதில் வடசென்னைக்கென்று ஒரு கணக்கு உண்டு. நான் போகிற ஷெட்டின் அண்ணன் கிளியர் அடிப்பது எப்போதும் காலையில். முதலில் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவார். மதியத்தை ஒட்டிக் கடற்காற்று ஏறிவிடும். அது உப்பையும் மண்ணையும் சாம்பலையும் சேர்த்துக் கொண்டுவரும், ஈரமான கிளியரில் எல்லாம் உட்காரும். உச்சி வெயிலில் அடித்தால் இன்னொரு தொல்லை. தின்னர் காற்றிலேயே பறந்துவிட, துளிகள் பரவுவதற்கு முன்பே இறுகிச் சாத்துக்குடித் தோல் மாதிரி நின்றுவிடும். கையைப் பக்குவமாக ஓட்டாவிட்டால் வழிசல் வேறு. இத்தனையும் நேர்ந்தாலும் திருத்த வழி இருக்கிறது என்பதால்தான் ரோட்டோர ஷெட்டில்கூட நல்ல வேலை நடக்கிறது.

ஆனால் திருத்துவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். தேய்க்கப்போகிறோம் என்று தெரிந்த பெயின்டர் கிளியரை இரண்டு கோட்டோடு நிறுத்தாமல் மூன்றாவதும் ஏற்றுவார். வாட்டர் பேப்பர் வேலை அந்த மூன்றாவது கோட்டில்தான் தொடங்குகிறது என்பது என் கட்சி. பெயின்ட் அடிக்கக் கொடுக்கும்போதே "அப்புறம் மட்டம் பண்ணப் போறோம்ணே" என்று சொல்லிவிட வேண்டும். அடித்து முடித்த பிறகு போய்ச் சொன்னால், தேய்க்கிறவர் தேய்ப்பது உங்கள் ஆயுட்காப்பை.

சரி, மட்டமானால் ஏன் மின்னுகிறது? பெயின்ட் மேல் படுகிற வெளிச்சம் ஒரே திசையில் திரும்பி வந்தால் கண்ணுக்கு அது பளபளப்பு. மேடு பள்ளத்தில் பட்டுச் சிதறினால் மங்கல். ஷெட்டில் டியூப் லைட்டின் பிம்பத்தைக் கதவில் பார்ப்பார்கள். பிம்பத்தின் ஓரம் கத்தி வெட்டாக இருந்தால் மட்டம், நெளிந்தால் தோல் இருக்கிறது. பாலிஷ் டப்பாவில் மினுமினுப்பு இருப்பதாக நினைத்துக் காசைக் கொட்டுகிறவர்கள், டியூப் லைட்டுக்கு அடியில் தங்கள் வண்டியை ஒருமுறை பார்க்கலாம்.

இந்த வேலைக்கு நூறு வருஷத்துக்கு மேல் சரித்திரம் இருக்கிறது. முன்பு கார் பாடிக்கு வார்னிஷ் மாதிரியான பெயின்ட்டை பிரஷ்ஷால் பூசி, காய வைத்து, தேய்த்து, மறுபடி பூசி, வாரக்கணக்கில் இழுப்பார்கள். 1920-களின் தொடக்கத்தில் டூபான்ட் கம்பெனி டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கொண்டுவந்தது. 1924-ஆம் வருஷ மாடல் ஓக்லாண்ட் கார்கள் அந்த பெயின்ட்டோடு வந்தன. வாரக்கணக்கு மணிக்கணக்கானது. நம் ஊர் ஷெட்களில் அம்பாசடர், பத்மினி காலத்தில் அடித்ததும் இந்த வகைதான். மரவேலைக்காரர்கள் இன்றும் டூகோ என்றே சொல்கிறார்கள். அந்த பெயின்ட் ஸ்பிரே கன்னிலிருந்து இறங்கும்போது மங்கலாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து வெளுத்தும் போகும். கையால் வாட்டர் பேப்பரும் ரப்பிங் கம்பவுண்டும் போட்டால்தான் மினுக்கம். அதனால் பழைய பெயின்டர்களுக்குத் தேய்ப்பது தனி வேலையாகத் தோன்றாது, பெயின்ட் அடிப்பதன் கடைசிப் பாதி அது.

தண்ணீரில் நனைக்கக்கூடிய உப்புத்தாளும் அதே காலத்தது. பிலடெல்பியாவில் அச்சு மை தயாரித்துக்கொண்டிருந்த ஃபிரான்சிஸ் ஓக்கி, உப்புத்தாள் செய்கிற த்ரீ-எம் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, அவர்கள் பயன்படுத்துகிற எல்லா அளவு மணலிலும் மாதிரி கேட்டார். மை வியாபாரிக்கு மணல் எதற்கு என்று விசாரித்தால், அவர் நீர் புகாத உப்புத்தாள் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். 1921-இல் அது 'வெட்-ஆர்-டிரை' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அன்றைய பெயின்ட்டில் ஈயம் இருந்தது. காய்ந்த பெயின்ட்டைத் தேய்த்தால் ஈயத் தூசி பெயின்டரின் நெஞ்சுக்குள் போனது. தண்ணீர் அந்தத் தூசியை அடக்கியது. நமக்கு மினுமினுப்பு கிடைத்தது கொசுறு. பெயின்ட் படக்கூடாத இடத்தில் ஒட்டுகிற மாஸ்கிங் டேப்பும் அதே கம்பெனியில், கார் பெயின்டர்கள் இரண்டு நிற வண்டிக்குப் பட்ட பாட்டைப் பார்த்து, ரிச்சர்டு ட்ரூ என்பவர் 1925-இல் செய்தது.

வடசென்னையில் இந்தக் கைவேலை தங்கிப்போனது ஆச்சரியமில்லை. 1955-இல் திறந்த பெரம்பூர் ரயில் பெட்டி ஆலை ஐ.சி.எஃப்., எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று வரிசையாக வண்டி செய்கிற ஊர் இது. புல்லட் டேங்கில் தங்கக் கோட்டை ஸ்டிக்கர் இல்லாமல் கையால் பிரஷ் பிடித்து இழுத்தது திருவொற்றியூர் ஆலையில்தான். வழவழப்புக்கும் நேர்கோட்டுக்கும் இங்கே மரியாதை அதிகம். வேலையில் குறை இருந்தால் ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள்: "இன்னா நைனா, சொட்டையா கீது."

இனி வேலைக்கு வருகிறேன்.

கிளியர் அடித்து ஒரு நாளாவது போக வேண்டும். மழைநாளில் இன்னும் அதிகம். அவசரப்பட்டுத் தேய்த்தால் உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் பிறகு மெல்ல வெளியேறும், அன்று ஏறின ஷைன் நாலு நாளில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் விட்டாலும் சிக்கல்தான், டூ-கே இறுகிப்போய்க் கை ஒடியும்.

வண்டியைக் கழுவி, கதவின் ஓரங்கள், கைப்பிடிக் குழி, பாடியில் ஓடுகிற கூர்மையான மடிப்புக் கோடு எல்லாவற்றிலும் டேப் ஒட்ட வேண்டும். பெயின்ட் ஈரமாக இருக்கும்போது கூரான முனையிலிருந்து விலகி இரு பக்கமும் வழியும், அதனால் முனையில் தடிமன் குறைவு. போதாக்குறைக்கு உப்புத்தாளின் அழுத்தமெல்லாம் அந்த முனையிலேயே விழும். ஷெட்டில் நான் பார்த்த பெயின்ட் கிழிசல்கள் அநேகமாக எல்லாமே மடிப்புக் கோட்டில்தான். கற்றுக்கொள்ள வந்த பையன் ஒருவன் யாருடையதோ வெள்ளி நிற வண்டியில் டேப் ஒட்டச் சோம்பல்பட்டு, இரண்டே இழுப்பில் பிரைமரைத் தொட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அண்ணன் திட்டவில்லை. அந்தக் கதவை மொத்தமாக மறுபடி அடிக்க வைத்தார், அவனையே பிரைமரிலிருந்து தேய்க்க வைத்தார்.

தண்ணீரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளை வட்டம் விடும். பக்கெட் அடியில் பொடி மணலும் தங்கும். வாட்டர் பேப்பருக்கும் கதவுக்கும் நடுவே ஒரு மணல் மாட்டினால், 2000 நம்பர் போட்ட இடத்தில் 200 நம்பர் போட்ட கோடு விழும். நம்பர் குறையக் குறைய பேப்பரின் மணல் பெரிது. அதனால் மெட்ரோ வாட்டர். 2010-இல் மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் தொடங்கின, கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது, முக்கியமாக வடசென்னைக்காகத்தான் அமைத்தது. குடிக்கிற தண்ணீரில் கார் தேய்க்கிறோமே என்று உறுத்தத்தான் செய்யும். ஒரு பக்கெட் தேய்க்க, ஒரு பக்கெட் பேப்பரை அலச. இரண்டு கதவுக்கு அது தாராளம். தண்ணீரில் ஷாம்பு சில சொட்டு விட்டால் பேப்பர் வழுக்கிப் போகும், தேய்ந்து வடிகிற பால் பேப்பரில் அடைக்காது.

பேப்பரைக் கொஞ்ச நேரம் ஊற விட்டு ரப்பர் பிளாக்கில் சுற்றிப் பிடிக்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் இருக்கிற இடம் பள்ளமாகும், விரலிடுக்கு மேடாகும். வெயிலில் பார்த்தால் நான்கு வாய்க்கால் தெரியும். வழிசல் இருந்தால் அதை மட்டும் சின்னக் கட்டையில் 1000 நம்பர் சுற்றி எடுக்கலாம். பொதுவான தோலுக்கு 1500-இல் தொடங்கலாம். பிறகு 2000, பிறகு 3000. 1000 நம்பரின் மணல் சுமார் 18 மைக்ரான், 1500 என்றால் 12 அல்லது 13, 2000 என்றால் 10. நாம் வேலை செய்கிற கிளியரே 50, 60 மைக்ரான்தான் என்பதை வைத்துப் பார்த்தால், ஷெட்டில் சிலர் ஏன் 800-ஐத் தொடவே பயப்படுகிறார்கள் என்று விளங்கும்.

ஒவ்வொரு நம்பருக்கும் ஒரே கடமை, முந்தைய நம்பர் போட்ட கோட்டை எடுப்பது. அதனால் 1500-ஐ நெடுக்கில் ஓட்டினால் 2000-ஐக் குறுக்கில் ஓட்ட வேண்டும். நெடுக்குக் கோடு கண்ணில் படுகிற வரைக்கும் 2000 முடியவில்லை என்று அர்த்தம். அவசரக்காரர்கள் 1000 போட்டுவிட்டு நேராகக் கம்பவுண்டுக்குத் தாவுவார்கள். மெஷின் பளபளப்பை ஏற்றிவிடும், ஆழமான கோடுகள் அதற்கு அடியிலேயே கிடக்கும். பெட்ரோல் பங்கின் விளக்கடியில் நிற்கும்போது எல்லாம் எழுந்து வரும்.

தேய்க்கும்போது சும்மா சும்மா துடைத்துப் பார்க்க வேண்டும். ஈரமாக இருக்கிற வரைக்கும் எல்லாமே பளபளப்பாகத்தான் தெரியும், தண்ணீர் பொய் சொல்லும். ரப்பர் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துக் காய்ந்ததும் பார்த்தால், தேய்ந்த இடம் மங்கலாகவும், பேப்பர் தொடாத பள்ளங்கள் மினுக்குப் புள்ளிகளாகவும் இருக்கும். புள்ளிகள் குறையக் குறைய மட்டம் வருகிறது. கடைசிப் புள்ளி வரைக்கும் துரத்துகிறவர்கள்தான் ஓட்டை போடுகிறார்கள். ஒன்றிரண்டு மினுக்குப் புள்ளிகள் இருக்கட்டும், பஃபிங் முடிந்தால் நீங்களே தேடினாலும் கிடைக்காது.

வடிகிற பாலின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கிளியர் தேய்ந்தால் பால் வெள்ளை. என் வண்டியில் அது நீலமாக மாறியிருந்தால் பேஸ் கோட்டைத் தொட்டுவிட்டோம் என்று பொருள், அங்கே எந்த பாலிஷும் உதவாது. கிளியர் இல்லாமல் நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சில் வருகிற பழைய வெள்ளை, சிவப்பு வண்டிகளில் பால் எப்போதும் வண்டியின் நிறத்தில்தான் வரும், அதற்குப் பதற வேண்டாம். ஆனால் கிளியர் இல்லாத மெட்டாலிக் பெயின்ட்டை மட்டும் தேய்க்கக் கூடாது. உள்ளே இருக்கிற அலுமினியப் பொடி வெட்டுப்பட்டுத் திட்டுத் திட்டாக நிறம் மாறும்.

பஃபிங்கில் சொல்ல அவ்வளவு இல்லை. கையால் தேய்ப்பது ஒழுங்காக நடந்திருந்தால் மெஷின் வேலை சுருக்கமாக முடியும். முதலில் கம்பளிப் பேடும் வெட்டுகிற கம்பவுண்டும், அப்புறம் ஃபோம் பேடும் மெல்லிய பாலிஷும். ரோட்டரி மெஷினை நிமிடத்துக்கு 1200 முதல் 1800 சுற்றுக்குள் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இடையிடையே புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரிந்துவிடும், வைக்க முடியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூட்டைக் கடத்தாது, தகரத்தில் தாங்குகிற சூடு அங்கே பெயின்ட்டைச் சுருட்டிவிடும். ஃபோமில் சரியாக முடிக்காத கறுப்பு வண்டிகளில் வெயில் பட்டால் மெஷின் போன பாதை முழுக்க ரங்கோலியாகத் தெரியும்.

இன்னொரு தில்லுமுல்லு உண்டு. சில பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பியும் இருக்கும், கோடுகளை எடுக்காமல் மூடிவிடும். நாலு வாஷ் ஆனதும் கோடு திரும்பி வரும். வேலை முடிந்ததும் ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து ஒரு மூலையைத் துடைக்கச் சொல்லுங்கள். துடைத்த பிறகும் அதே மாதிரி இருந்தால் காசைக் கொடுங்கள். நல்ல பெயின்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் அண்ணன் தானே துடைத்துக் காட்டி, "பாத்துக்கோ தம்பி, அப்புறம் வந்து கேக்காத" என்பார்.

அவரிடம் எனக்கு ஒரே வருத்தம் மாஸ்க் விஷயம். தண்ணீர் போட்டுத் தேய்ப்பதால் தூசி அடங்குகிறது, சரி. ஆனால் கிளியரில் கலக்கிற ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே பண்ணும்போது அது மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளியளவு பட்டாலும் இழுக்கும். ஷெட்களில் பையன்கள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். கைக்குட்டை தூசியைத் தடுக்கும், இந்த ஆவியைத் தடுக்காது. கரி ஃபில்டர் போட்ட மாஸ்க் ஒன்றுக்குப் போகிற காசு, ஒரு கதவு அடிக்கிற கூலியை விடக் குறைவு. சொன்னால் சிரிக்கிறார். "முப்பது வருசமா அடிக்கிறேன், இன்னா ஆச்சு" என்கிறார், சொல்லிவிட்டு இருமுகிறார். வண்டி எடுக்கப் போகிறபோது ஒரு மாஸ்க் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதைப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்.

கதவு இரண்டும் பிரமாதமாக வந்தன. ஆனால் ரொம்பப் பிரமாதமாக வருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கம்பெனி பெயின்ட் மட்டமாக இருக்கும் என்று நினைக்கிறோம், உண்மையில் அதிலும் மெல்லிய தோல் இருக்கிறது. முன் ஃபெண்டரில் பிம்பம் லேசாக நெளிய, பக்கத்துக் கதவில் நெளியாமல் நின்றால், நிறம் எவ்வளவு பொருந்தினாலும் கண் கண்டுபிடித்துவிடும். பழைய வண்டி வாங்கி விற்கிற புரோக்கர்கள் மைக்ரான் மீட்டர் வைப்பதற்கு முன்பே இதை வைத்துத்தான் ஆக்சிடென்ட் வண்டியைப் பிடிப்பார்கள். நடந்துகொண்டே பார்த்து, "இது ரெண்டும் அடிச்சிருக்கு" என்பார்கள். அதனால் கெட்டிக்காரப் பெயின்டர் கதவை முழு மட்டமாக்காமல், பக்கத்துப் பாகத்தில் இருக்கிற அளவுக்குத் தோலை விட்டுவைப்பார். அண்ணன் கேட்டார்: "முழுசா எடுக்கவா, மேட்ச் பண்ணவா?" மேட்ச் பண்ணச் சொன்னேன். வெறும் தூசி முளைகளையும் ஒரு வழிசலையும் மட்டும் எடுத்து, மிச்சத்தை 3000-இல் தடவி முடித்தார். கதவையும் மொத்த வண்டியையும் முழு மட்டமாக ஆக்கிவிடலாமே என்று யோசிக்கிறவர்களுக்கு, மேலே கிளியரைப் பற்றிச் சொன்னதை இன்னொருமுறை படிக்கச் சொல்வேன். கண்காட்சிக்கு நிறுத்துகிற பழைய அம்பாசடராக இருந்தால் பேச்சே வேறு. அதற்குத் தேய்ப்பதற்கென்றே பெயின்ட் ஏற்றுவார்கள், வெயிலிலும் நிற்காது.

கம்பெனி பெயின்ட் மங்கினால் என்ன செய்வது? மெல்லிய பாலிஷ் போதும், அதில் ஒன்றிரண்டு மைக்ரான்தான் போகும். ஆழமான ஒற்றைக் கோடு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் 2500, 3000 போடலாம், நகத்தில் மாட்டுகிற கோட்டை விட்டுவிட வேண்டும். சந்தேகமென்றால் மைக்ரான் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற கருவி. தகரத்தில் சரியாகக் காட்டும், பிளாஸ்டிக் பம்பரில் காட்டாது. அது மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் மட்டும் எவ்வளவு என்று சொல்லாது. 110 வாக்கில் காட்டினால் கம்பெனி பெயின்ட். 250, 300 என்று காட்டினால் மேலே அடித்தது, ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி.

மங்குவதற்கான காரணம் வேறெங்கும் இல்லை, தினம் காலையில் நாம் செய்கிற காரியம்தான். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் ராத்திரி வெளியே நின்ற வண்டியின் மேல் காலையில் விரலை வைத்தால் சாம்பல் ஒட்டும். அனல்மின் நிலையச் சாம்பல் என்பது சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்து உருகி இறுகின கண்ணாடிக் குண்டுமணிகள், பெயின்ட்டைவிடக் கடினம். அதன் மேல் கடல் உப்பு. இந்தக் கலவையை உலர்ந்த துணியால், அதுவும் வாட்ச்மேன் நேற்று பக்கத்து வண்டியைத் துடைத்த துணியால், வட்டமாகத் துடைக்கிறோம். வருஷம் முழுக்க நாமே வண்டிக்கு உப்புத்தாள் போடுகிறோம், அதுவும் தண்ணீர் இல்லாமல். பிறகு கோடு விழுந்துவிட்டது என்று பஃபிங்குக்குக் கொண்டுபோகிறோம். முதலில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி சாம்பலை இறக்கிவிட்டு, அப்புறம் ஷாம்புத் துணி. தண்ணீர் இல்லாத நாளில் வண்டி அழுக்காகவே இருக்கட்டும், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

புதிதாக அடித்த கதவுகளுக்கு ஒரு மாதம் வேக்ஸோ கோட்டிங்கோ போடக் கூடாது, உள்ளே இருக்கிற தின்னர் வெளியேற வழி வேண்டும். பெயின்ட்டைக் காக்கிற ஃபிலிம் ஒட்டுவதும் அதற்குப் பிறகுதான். காக்கா எச்சம் மட்டும் உடனே கழுவ வேண்டும், மதிய வெயில் வரை விட்டால் கிளியரில் தடம் பதிந்துவிடும். கவர் போடலாமா என்று கேட்கிறார்கள். மூடின ஷெட் இருப்பவர்கள் போடலாம். தெருவில் நிறுத்துகிறவர்கள் காசை மிச்சம் பண்ணிக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்கக் கடற்காற்றில் அந்தக் கவர் படபடவென்று அடிக்கும், கீழே சாம்பல் இருக்கும், விடிவதற்குள் பானெட் முழுக்கத் தேய்த்து வைத்திருக்கும்.